வெர்னா பாஸ்கோ மைதானத்துக்குள் வண்டியை ஓட்டிய சனிக்கிழமை

கோரி நாஸ்கே முதன்முதலாகப் பெரியவர்கள் அணியில் இறங்கிய அன்று எங்கள் வேலியோரத்தில் யாரும் அவனைப் பெரிதாக மதிக்கவில்லை. பதினேழு வயது. கொக்கின் கால்கள். எங்கள் ஊரான பர்ரவின் அணியின் சட்டை, கொடியில் காயப் போட்டதுபோல அவன் மேல் தொங்கியது.

"யாருய்யா இது, எரிக் நாஸ்கே பையனா? காத்தடிச்சா கோதுமைக் கிடங்கு வரைக்கும் பறந்துருவான் போலயே" என்றான் இறைச்சிக்கடை மெர்வ். "யாராவது அவன் கையில ஒரு மீட் பை குடுங்கப்பா, தின்னுட்டு ஆடட்டும்."

சிரித்து முடிப்பதற்குள் பந்து உயரமாக வந்தது. எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்தில் உதைத்த பந்தைத் தரையில் விழாமல் கையால் பிடித்துவிட்டால், பிடித்தவனைப் பிறகு யாரும் தொடக்கூடாது. அதனால் ஒரு பந்துக்கு நாலைந்து பேர் எகிறுவார்கள். இந்தப் பையன் பந்து போகிற திசையிலேயே பின்னோக்கி ஓடினான். அவன் முதுகுப் பக்கமிருந்து எருது மாதிரி இரண்டு பேர் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவன் கண்கள் வானத்தில் இருந்தன. மூன்று உடம்புகள் மோதிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவன் எழுந்தபோது பந்து அவன் நெஞ்சோடு இருந்தது. மைதானத்தைச் சுற்றி நின்ற கார்கள் அத்தனையும் ஹாரன் அடித்தன.

"அடேயப்பா! வர்றவங்கள அவன் பாக்கவே இல்லடா!" என்று மெர்வ் கத்தினான்.

"ஆமா. பாக்கவே இல்ல" என்றாள் வெர்னா பாஸ்கோ. அவள் குரலில் பாராட்டு இல்லை.

வெர்னா எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். குள்ளமான, கட்டையான பெண். பனியோ புழுதியோ, அவள் பேருந்து தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. கோரியை அஞ்சு வயதிலிருந்து ஏற்றி இறக்கியிருக்கிறாள். ஆட்ட நாட்களில் தன் பழைய பிக்கப் வண்டியின் மூக்கை வேலியில் முட்டி நிறுத்துவாள். அதன் பக்கத்தில்தான் நானும் மெர்வும் நிற்பது வழக்கம். வண்டிக்குள் அவள் கணவர் லெஸ் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பார்.

லெஸ்ஸும் ஒரு காலத்தில் எங்கள் அணியின் பெரிய ஆட்டக்காரர். எத்தனை முறை மயங்கி விழுந்து, முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து ஆடினார் என்பதை மதுக்கடையில் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். ஐம்பத்தைந்து வயதில் அவருக்குத் தன் வீட்டுக் கழிவறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய்விட்டது. ஊரில் அதற்கு "லெஸ்ஸுக்கு வயசாயிடுச்சு" என்று பெயர். ஆட்டத்தில் வாங்கிய அடிதான் காரணமா என்று வெர்னா மருத்துவரிடம் கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாராம். அது 1980களின் நடுப்பகுதி; அப்போதெல்லாம் அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க கோரியைப் பற்றித்தான் பேச்சு. இடது காலால் அவன் அடிக்கும் அடி கயிறு கட்டி இழுத்ததுபோலக் கம்பங்களுக்கு நடுவே போகும். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் அணியின் ஆட்டத்தை விட்டுவிட்டு இவனைப் பார்க்க வந்தார்கள். ஆகஸ்டில் மெல்பர்னிலிருந்து, அங்குள்ள பெரிய அணிக்கு ஆள் தேடும் ஒருவர் நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, யாரோடும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார். ஊருக்குத் தலைகால் புரியவில்லை.

லெஸ் மட்டும் ஒவ்வொரு வாரமும் அவனை முதல் தடவையாகப் பார்த்தார். "வெர்னா, யாரு அந்தப் பையன்? புதுசா? நல்லா வருவான் பாரு" என்பார்.

"லெஸ் குடுத்து வச்சவரு. நமக்கெல்லாம் ஒரு தடவதான், அவருக்கு வாராவாரம் புதுப் பையன்" என்றான் மெர்வ். எல்லோரும் சிரித்தோம். வெர்னாவும் சிரித்தாள். ஆனால் பந்து கோரியின் பக்கம் உயர்ந்ததும் கண்களை மூடிக்கொண்டாள். அதன் பிறகு எப்போதும் அப்படித்தான். ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, கூட்டம் எழுப்பும் சத்தத்தை வைத்து என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வாள்.

"நீ வராம வீட்லயே இருந்துரலாமே, வெர்னா" என்றேன் ஒரு நாள்.

"லெஸ்ஸுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. அதோட, நான் இல்லாதப்ப ஏதாவது ஆச்சுன்னா?" என்றாள்.

பேருந்தில் பையனிடமே சொல்லிப் பார்த்திருக்கிறாள். "ஒரே ஒரு தடவ யாரு வர்றான்னு பாரேன் கண்ணு." அவன் சிரித்தானாம். "அப்புறம் பந்த யாரு பாக்குறது, மிசஸ் பாஸ்கோ? நீங்க பாக்குறீங்களா?"

செப்டம்பரில் அரையிறுதி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. இரண்டாவது கால்பகுதியில் கோரி அதே மாதிரி பின்னோக்கி ஓடினான். எதிரணிக்காரன் ஒருவன் பந்துக்காக எம்பியபோது அவன் முழங்கால் கோரியின் பின்மண்டையில் இறங்கியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மொத்த மைதானமும் மூச்சடங்கிப் போனது. வெர்னா கண்ணைத் திறக்காமலே "செத்துட்டானா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்ல, எழுந்துட்டான். கட்டை விரலத் தூக்கிக் காட்டுறான் பாரு."

ஈரப் பஞ்சால் கழுத்தைத் துடைத்துவிட்டார்கள். மூன்றாவது பகுதியில் அவன் இரண்டு கோல் அடித்தான். ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தோம்.

கடைசி இடைவேளையில் வழக்கம்போலக் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி, பயிற்சியாளர் பேசுவதைக் கேட்கச் சூழ்ந்துகொண்டது. வெர்னா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோரி வட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான்.

"எப்படிடா இருக்க?"

"நல்லாருக்கேன், மிசஸ் பாஸ்கோ. பஸ் எத்தன மணிக்கு?"

"இன்னிக்கு சனிக்கிழமைடா."

"ஓ" என்று சிரித்தான். ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாயில் போட்டு மென்றான். பிறகு அதே சிரிப்போடு, அதே குரலில், "மிசஸ் பாஸ்கோ, பஸ் எத்தன மணிக்கு?" என்றான்.

வெர்னாவின் நகங்கள் என் கையில் பதிந்தன. அந்தக் குரலோடு அவள் தன் வீட்டில் தினமும் வாழ்ந்துகொண்டிருந்தாள்.

பயிற்சியாளர் ஹான்ரஹானிடம் போனாள். "அவன வெளிய எடுங்க. கேட்டதையே கேக்குறான்."

"தலையில பட்டா எவனும் கொஞ்ச நேரம் ஒளறத்தான் செய்வான். இன்னும் ஒரு பகுதிதான் வெர்னா. நீ போய் டீயக் குடி."

கோரியின் அப்பா எரிக் பக்கத்திலேயே நின்றிருந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்று அவர் கண்ணில் மெல்பர்ன் மட்டுமே இருந்தது. "உன் வீட்ல நடந்தத என் பையன் தலையில ஏத்தாத" என்றார். சொன்ன பிறகு அவருக்கே முகம் சுருங்கியது.

வெர்னா திரும்பித் தன் வண்டியைப் பார்த்து நடந்தாள். கடைசிப் பகுதி தொடங்குவதற்கான சைரன் அடித்தது. வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்றுதான் நினைத்தேன். வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஆனால் சாலைக்குப் போகவில்லை. புல்வெட்டும் வண்டி போகிற வழியில் இறங்கி, தாழ்ப்பாளை இழுத்து, வேலிக் கதவைத் திறந்து, மறுபடி ஏறி உட்கார்ந்தாள்.

ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் மைதானத்துக்குள் ஓட்டினாள். ஆட்டக்காரர்கள் சிதறினார்கள். கோல் கம்பத்துக்கு முன்னால், கோரிக்கும் மற்றவர்களுக்கும் நடுவே வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் லெஸ் ஜன்னலை இறக்கிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து மகிழ்ச்சியாகக் கையசைத்தார்.

நடுவர் ஓடிவந்தார். "அம்மா, உங்களுக்குப் பைத்தியமா? வண்டிய எடுங்க!"

"எடுக்க மாட்டேன். அந்தப் பையனப் பாருங்க மொதல்ல."

"வெளிய போடி கிழவி!" என்று எங்கள் ஆட்களே கத்தினார்கள். யாரோ வீசிய பீர் டப்பா வண்டிக் கூரையில் பட்டுத் தெறித்தது. வெர்னா கதவைப் பூட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தான் நினைப்பது தப்பாகப் போனால் இந்த ஊரில் இனித் தலைகாட்ட முடியாது என்று அந்த நேரத்தில் தோன்றியதாம். தப்பாகப் போகட்டும் என்றும் வேண்டிக்கொண்டாளாம். பின்னால் என்னிடம் சொன்னாள்.

தப்பாகப் போகவில்லை. கூச்சலுக்கு நடுவே கோரி வண்டியின் முன்பக்கத்தில் ஒரு கையை ஊன்றினான். வாந்தி எடுத்தான். பிறகு பேருந்தில் ஏறுகிறவன் போல ஒரு காலைத் தூக்கி, அப்படியே சரிந்தான். கூச்சல் நின்ற வேகத்தில் எரிக் ஓடிவந்த பூட்ஸ் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது.

விமானத்தில் மெல்பர்னுக்குக் கொண்டுபோனார்கள். மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். இன்னும் ஒரு மோதல் நடந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் அறுவை மருத்துவர். பிழைப்பானா என்று தெரியாமல் ஊர் இரண்டு வாரம் தாழ்ந்த குரலில் பேசியது. வெர்னா அந்த நாட்களில் பேருந்தை ஓட்டினாள், அவ்வளவுதான். நாஸ்கே பண்ணையின் வாசலில் ஏற யாரும் இல்லாவிட்டாலும் அங்கே வண்டி தானாக வேகம் குறைந்தது என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

அவன் பிழைத்தான். எரிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெர்னா வீட்டுக்குப் போய், தொப்பியைக் கையில் பிடித்தபடி சமையலறையில் நின்றார். "என்ன சொல்றதுன்னு தெரியல வெர்னா" என்றார். "ஒண்ணும் சொல்ல வேணாம். உக்காருங்க" என்றாள் அவள். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்த அரையிறுதி கைவிட்டுப் போன கோபத்தில் சாகும்வரை அவளோடு பேசாதவர்களும் எங்கள் ஊரில் உண்டு. மெர்வ் அவர்களில் ஒருவன்.

மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், இரண்டு வருடம் கழித்து கோரி வேறொரு மாவட்டத்தில் ஆடப் போனான். நான் பார்க்கப் போனேன். வெர்னா வரவில்லை. முதல் பந்து உயரமாக வந்தது. பின்னோக்கி ஓடத் தொடங்கினான். பாதியில் திரும்பி, யார் வருகிறார்கள் என்று பார்த்தான். பந்து அவன் விரல் நுனியைத் தாண்டிப் போனது. அன்று முழுவதும் அப்படியே. "இவனத்தான் ஓகோன்னு சொன்னீங்களா?" என்று வேலியோரத்தில் ஒருவர் என்னைக் கேட்டார். நாலாவது ஆட்டத்தோடு அவனே நிறுத்திக்கொண்டான்.

இப்போது அப்பாவின் கோதுமை நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். இரண்டு பெண் குழந்தைகள். ஒரு அறுவடையில், கிடங்கில் லாரி வரிசையில் நின்றபோது, வெர்னா மேல் கோபம் உண்டா என்று கேட்டேன்.

"ரொம்ப நாள் இருந்துச்சு" என்றான். "அந்த ஹாரன் சத்தம் தலைக்குள்ளயே இருந்துச்சு. பந்தப் பாத்தா அதான் கேக்கும். அதுக்கு முன்னாடி பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாது."

லெஸ் இறந்த பிறகு ஒரு நாள் இதை வெர்னாவிடம் சொன்னேன். நோகும் என்று தயங்கித்தான் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை.

"பயந்தானா? நல்லது" என்றாள். பிறகு, "போன வாரம் அவன் மூத்த பொண்ணு பஸ்ல ஏறுனா. சீட்ல நிக்காம உக்காருன்னா அப்பன மாதிரியே கேக்க மாட்டேங்குறா" என்று சொல்லி, ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.