பூர்வீகம் அக்கா

"மூக்கும் முழியும் அப்படியே துறைமுகத்துக் குடும்பத்தை உரிச்சு வச்சிருக்கே!" என்று கணினித் திரையைப் பார்த்து முகம் மலர்கிறார் அவர். திரையில் மூக்கும் இல்லை, முழியும் இல்லை. நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் நீண்ட வரிசைதான் இருக்கிறது. யாரோ ஒரு குழந்தையின் தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்து வந்த தட்டம்மைக் கிருமியின் மரபணு அது. ஒரு துறைமுக நகரில் முதலில் பிடிபட்ட கிருமியின் வழிவந்தவற்றுக்கு அவர் வைத்த பெயர்தான் துறைமுகத்துக் குடும்பம்.

ஒழிந்தே போய்விட்டது என்று நாங்கள் நிம்மதியாக இருந்த தட்டம்மை, சுற்றுவட்டார நாடுகளில் மறுபடி தலைகாட்டியதிலிருந்து அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. எந்த நாட்டுக் கிருமி எங்கே போய் இறங்கியது என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சொல்வதுதான் வேலை. அதனால் பரிசோதனைக் கூடத்தில் அவர் 'பூர்வீகம் அக்கா'. மனிதர்களையும் விடமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே என் காதை உற்றுப் பார்த்து, "இது அம்மா வழிக் காதுதானே?" என்றார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அம்மாவின் காதேதான்.

ஒருமுறை பக்கத்து நாட்டுச் சுகாதார அதிகாரியைப் போனில் பிடித்து, "சார், உங்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு இங்க வந்து மாட்டியிருக்கு" என்று உற்சாகமாக ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் வெலவெலத்துப்போய் மனைவியைக் கூப்பிட்டது என் மேசைவரை கேட்டது.

இத்தனை நாட்டுக்காரர்கள் அவர் சொல்வதைக் கேட்கிறார்கள். சொந்தத் தங்கை மட்டும் மசியவில்லை. ஒன்றரை வயது மகளுக்கு இன்னும் தட்டம்மைத் தடுப்பூசி போடவில்லை. தினமும் சாப்பாட்டு வேளையில் அக்கா போன் போட்டுக் கேட்பார். "சளி விடட்டும்க்கா, போட்டுக்கலாம்" என்று பதில் வரும். "லேசான சளிக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுடி, தாராளமா போடலாம்!" என்று இவர் கத்துவதற்குள் அங்கே போனை வைத்திருப்பார்கள். முகம் தெரியாத அந்தத் தங்கைமேல் எனக்கே எரிச்சல் வரும்.

நேற்று ஒரு மாதிரியை ஒப்பிட்டு முடித்தவர் வழக்கம்போலக் கொண்டாடவில்லை. அதே துறைமுகத்துக் குடும்பம். வந்து இறங்கிய இடம், தங்கை வீட்டுத் தெருமுனையில் இருக்கும் குழந்தைகள் காப்பகம். கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, "வண்டிய எடுங்க" என்றார் என்னிடம்.

கதவைத் திறந்த தங்கை, "என்னக்கா, சொல்லாம கொள்ளாம? பாப்பாவுக்கு இன்னும் சளி..." என்று இழுத்தாள்.

"உன் தெருவுக்கே வந்துடுச்சுடி."

தங்கை உள்ளே ஓடிப்போய்க் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து வந்தாள். வழியெல்லாம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து ஒத்திகை பார்த்த திட்டு எதுவும் அக்காவுக்கு வாயில் வரவில்லை. தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டார். "பெரியம்மாகூட டாட்டா போலாமா, தங்கம்?" நூற்றுக்கணக்கான எழுத்துகளில் ஒன்று மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவர், வலது ஷூவை இடது காலிலும் இடது ஷூவை வலது காலிலும் மாட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினார்.