இரண்டு ஹாரனும் ஒரு பன்னும்

நெல்லித்தோப்பில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் நடந்தது இது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உளவியல் நடத்தி நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம், மகள் வேலை கிடைத்து பிரான்சுக்குப் போனாள். அவளுடைய ஸ்கூட்டரும் எங்கள் நாயும் என் பொறுப்புக்கு வந்தன.

இங்கே இருந்தவரை சாயங்காலம் வீடு திரும்பும்போது சந்து முனையில் இரண்டு முறை ஹாரன் அடிப்பாள். நாய் மதில் தாண்டி ஓடும். அவள் பையில் அதற்கு ஒரு பன் இருக்கும். அதே ஹாரனுக்கு நான் அடுப்பில் டீ வைப்பேன். அவள் போன பிறகு எந்த ஸ்கூட்டர் இரண்டு முறை அடித்தாலும் நாய் ஓடியது. ஒரு நாள் மெயின் ரோட்டில் பஸ் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றது. டிரைவர் என் பரம்பரையையே வாழ்த்திவிட்டுப் போனார்.

கட்டிப்போட்டால் சாப்பிடாமல் கிடந்தது. இதற்கென்று ஒரு முறை உண்டே! மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கிய நாய்க்கு, மணியை மட்டும் அடித்துச் சோறு போடாமலே இருந்தால் பழக்கம் விட்டுப்போகும். எத்தனை பேரை இந்தப் பாடத்தில் பாஸ் பண்ண வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு டெய்லர் பாயிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தேன்.

"தினம் முனையில ரெண்டு தடவ ஹாரன் அடிச்சிட்டு வாங்க பாய். கையில ஒண்ணும் இருக்கக்கூடாது."

"எல்லாரும் நாய்க்குக் கத்துக்குடுப்பாங்க. நீங்க மறக்கறதுக்குக் கத்துக்குடுக்கறீங்களே சார்!"

சங்கிலி என் கையில். நாய் என்னை இழுத்துக்கொண்டு ஓடும், பாயின் முகத்தைப் பார்க்கும், சீட்டை முகரும், திரும்பிவிடும். அந்தத் திரும்புதலைப் பற்றிப் புத்தகத்தில் எதுவும் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் காதை மட்டும் ஆட்டியது. பிறகு அதுவும் இல்லை. நாய் பிழைத்தது. எனக்குப் பெருமைதான்.

கோடையில் மகள் லீவில் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஸ்கூட்டரில் அழைக்கப் போன பாயைப் பெட்டியோடு பின்னால் உட்கார வைத்து, அவளே ஓட்டி வந்தாள். முனையில் இரண்டு ஹாரன். நாய் படுத்தே கிடந்தது. அவள் வண்டியை நிறுத்திவிட்டாள். முகம் வாடியது கேட்டிலிருந்தே தெரிந்தது. இப்படி ஒரு நாள் வருமென்று எனக்குத் தோன்றவே இல்லையே.

மறுபடி இரண்டு ஹாரன். நாய் தலை தூக்கியது. அடுத்த நொடி மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"சார், உங்க பாடம் பெயிலு!" என்று பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி பாய் கத்தினார்.

பெயில் இல்லை. விட்டுப்போன பழக்கம் அழிவதில்லை, ஒரு நாள் தானாக எழும் என்று அதே பாடத்தின் கடைசியில் இருக்கிறது. பரீட்சைக்கு வராது என்று வேகமாகத் தாண்டிவிடுவேன்.

மகள் திரும்பிப் போனதும் பாய் மறுபடி சில வாரம் வெறுங்கையோடு ஹாரன் அடித்தார். சந்தில் யாராவது இரண்டு முறை ஹாரன் அடித்தால் இப்போது நாய் அசைவதில்லை. அடுப்பைப் பார்த்து எழுந்து பாதி வழியில் நிற்பவன் நான்தான். பாய் தினம் அடித்த ஹாரனை நானும்தான் கேட்டேன். என்னிடம் அந்த முறை பலிக்கவில்லை, பலிக்காததில் எனக்கு வருத்தமும் இல்லை.