உப்பளத்து அரளி

மரக்காணத்தைத் தாண்டி, உப்பளத்தின் ஓரம் காரை நிறுத்தி இதய மாத்திரையை விழுங்குகிறேன். குளிர்நாட்டுத் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் ஃபாக்ஸ்குளோவ் என்ற விஷப்பூச்செடியிலிருந்து வந்த மருந்து. அளவோடு போனால் இதயத்தைக் காக்கும். கூடினால் நிறுத்திவிடும். இரண்டு நாளாகச் சோறு பிடிக்கவில்லை. பயண அலுப்பாக இருக்கும்.

சாலையோர அரளியில் ஒரு பெண் பூப் பறிக்கிறார். அவர் கால்களில் உப்புச் சேறு காய்ந்திருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆடு சருகைத் தேடித் தின்கிறது; பச்சை அரளியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மஞ்சள் அரளி சாமிக்காம்மா?"

"அம்மனுக்குங்க. ஆனா இது மஞ்ச இல்லீங்களே, வெள்ள அரளி."

கூடையைச் சாய்த்துக் காட்டுகிறார். அத்தனையும் மஞ்சளாகத்தான் இருக்கின்றன.

"ஏங்க, இப்படி வேர்க்குது? ஒக்காருங்க, தண்ணி தர்றேன்."

மருந்து உடம்பில் மிஞ்சினால் வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரியும், உடனே வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரையின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

உப்பளத்தின் பக்கம் திரும்பாமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு திரும்புகிறேன்.

அடிவானம் வரை மஞ்சள்.