கழுவிய சிரிப்பு

ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு செய்து கொடுத்தவருக்கு மனைவியின் சிரிப்பு மட்டும் அகப்படவில்லை. பல்செட் கட்டுவது அவர் தொழில். நாளடைவில் பெயரும் பல்செட் ஆகிவிட்டது. கல்யாண ஆல்பம் தொட்டு எல்லாப் படத்திலும் அந்த அம்மாள் வாயை மூடியே இருந்தார். பெண் அடக்கமானவள் என்று அன்று உறவே மெச்சியது.

இவருக்கு மனைவி வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்றாவது வேண்டும். மொபைலில் எடுத்தால் அம்மாள் பிடுங்கிப் பார்த்து அழித்துவிடுவார். ஆகவே பழைய கேமராக் கடைக்குப் போய், ஃபிலிம் போடுகிற, கைக்கடக்கமான ஜூம் கேமரா ஒன்றைப் பிடித்தார்.

"இதுல எடுத்ததை அழிக்க முடியாதே?"

"யாராலயும் முடியாது சார்" என்றார் கடைக்காரர்.

ஆனால் பொத்தானைத் தொட்டதும் அந்தக் கேமரா கிர்ரென்று மூக்கை நீட்டும். சத்தம் கேட்டதும் அம்மாளின் வாய் மூடிக்கொள்ளும். தூரத்தைப் பக்கத்தில் காட்டுவதற்கென்று வந்த கருவி. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க இவர் தூரம் போனார், எதிர்வீட்டு மாடிக்கு. அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழியாய்க் கிடந்து, கடைசிப் படத்தில் பிடித்தேவிட்டார். அம்மாள் ஈரப் போர்வையை இரண்டு கையாலும் ஏந்தியபடி பக்கத்து வீட்டுக்காரியோடு சிரித்துக்கொண்டிருந்தார். வாயைப் பொத்தக் கை இல்லை.

"மாட்டிக்கிட்டே. நாளைக்கு ரோலைக் கழுவணும்" என்று அம்மாளிடம் காட்டி, ரோலை மேஜைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனார்.

காலையில் பார்த்தால், கொடியில் அவருடைய பனியனுக்கும் துண்டுக்கும் நடுவே ஃபிலிம் நீளமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. நுரை இன்னும் போகவில்லை.

"என்னடி இது?"

"நீங்கதானே கழுவணும்னீங்க."

"தெரியாம பண்ணினியா, தெரிஞ்சே பண்ணினியா?"

"தெரியாமலா உருவி எடுத்து சோப்புப் போடுவாங்க?"

அவர் முகம் போன போக்கில் அம்மாளுக்கு அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். பல்செட் அம்மாளின் கிட்டே போய் வாயைக் குனிந்து பார்த்தார்.

"மேல ஓரத்துல ஒரு பல்லைக் காணோமே."

"கல்யாணத்துக்கு முன்னாடியே போச்சு. பல்லு கட்டறவர் வீட்டுல போய் எந்த முகத்தோட சொல்ல?"

இவ்வளவு காலமும் ஊரார் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு, "வா, உட்காரு. அச்சு எடுக்கணும்" என்றார்.

"கேமராவுலயா?"

"மெழுகுல. வாயைத் திற."


அம்மாள் கேமரா எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு திறந்தார்.