பதினாலாம் நம்பர் ஓடுகிறது

ஓடிக்கொண்டே வந்தவர் பேருந்து நிறுத்தத்தைக் கண்டதும் டக்கென்று நின்றுவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஆனாலும் வலது கை தானாக நீண்டு காற்றில் ஒரு பொத்தானை அமுக்குகிறது. கதவு திறந்தாயிற்று. இல்லாத கண்ணாடியில் ஒரு பார்வை. மறுபடி ஓர் அமுக்கு. கதவு மூடிய பிறகுதான் கால் கிளம்புகிறது.

இருபத்தேழு வருஷமாகப் பதினாலாம் நம்பர் பேருந்தை ஓட்டுகிறவர். ஊரில் அவர் பெயரே அதுதான். ஐம்பத்திரண்டு வயசு. உட்கார்ந்தே சம்பாதித்த தொப்பை முன்னால் ஓட, சொந்தக்காரர் பின்னால் வருகிறார். இந்த மனிதரை நம்பிப் பயணிகள் முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மாரத்தானை இவர் ஓடி முடித்தால் புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்கு அவர்கள் பணம் தருவார்கள்.

காரணம் வீட்டில் இருக்கிறது. போய்விட்டது என்று நினைத்த நோய் மனைவிக்குத் திரும்பி வந்துவிட்டது. "அடுத்த மருந்து இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்றார் டாக்டர். வேறு யாராவது என்றால் வெளியே போய் அழுதிருப்பார்கள். இவர், "அந்த ஆராய்ச்சிக்கு நாம என்ன சார் செய்யலாம்?" என்று கேட்டார். வெளியே போய் அழுதது அதற்கப்புறம்.

வீட்டுக்காரம்மாவுக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "முட்டி பேந்து நீங்களும் படுத்துட்டா யாரு யாரப் பாக்கிறது? அந்த மருந்து வர்ற வரைக்கும் நான் இருப்பேனோ மாட்டேனோ!"

"உனக்கில்லேன்னா இன்னொருத்திக்கு ஆகட்டுமே. சும்மா உக்காந்திருக்க முடியலடி" என்றார் இவர், ஷூ கயிற்றைக் கட்டியபடி, நிமிராமலே.

அவர் ஓடுவதைப் பார்க்க அந்தம்மா ஒரு நாளும் வாசலுக்கு வந்ததில்லை. அதற்குப் பழைய பாக்கி ஒன்றும் உண்டு. கல்யாணமான புதிதில், கொட்டுகிற மழையில், நிறுத்தத்துக்குப் பத்தடி தள்ளி நின்று அந்தம்மா கை காட்டினார். பதினாலாம் நம்பர் நிற்காமல் போய்விட்டது. "ஸ்டாப்புல நிக்காதவங்களுக்கு வண்டி நிக்காது. யாரா இருந்தாலும்" என்பது இவர் சட்டம். "கட்டின பொண்டாட்டியவே ஏத்தாத மனுஷன்" என்று அந்தம்மா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

பயிற்சி கொடுப்பவர் டிப்போ மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் ஓடியவராம். "அண்ணே, ஒவ்வொரு ஸ்டாப்புலயும் கதவத் தொறந்து மூடினா மறுநாள்தான் போய்ச் சேருவீங்க. வர்ற ஞாயிறு பதினோரு ஸ்டாப் நிக்காம ஓடுங்க, பேர் குடுத்துடலாம். இல்லேன்னா அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருஷம் என்றதும் இவர் முகம் செத்துவிட்டது. அடுத்த வருஷத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அந்த ஞாயிறு வலது கையில் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். கை சும்மா இருந்தால்தானே பொத்தானைத் தேடும்! மெக்கானிக் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். நாலாவது நிறுத்தத்தில் கால் தயங்கியது, "போங்கண்ணே, யாரும் இறங்கல!" என்று ஒரு சத்தம் போட்டார். எட்டாவதில் விலா குத்தியது. பத்தாவதில் மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது. பதினோராவது, வீட்டுத் தெருமுனை. அதையும் தாண்டினார்.

"தாண்டியாச்சுண்ணே!" சைக்கிள் மணி விடாமல் அடித்தது.

நிறுத்தத்துக்குப் பத்தடி தள்ளி, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலோடு வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். இன்னொரு கை சாலைக்குக் குறுக்கே நீண்டிருந்தது.

"இன்னைக்காச்சும் வண்டி நிக்குமா?"

நின்றது. கைக்குட்டை கீழே விழ, வலது கை மெல்ல நீண்டு கதவைத் திறந்தது.