ஆமா என்றானா, ஓம் என்றாரா

பேய்க்கதையை யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்த் தேநீர் போடுகிற ஆள் நான். ஏன், எப்படி என்று கேட்டே ஆட்களை அறுப்பவள் என்று எங்கள் வீட்டில் எனக்குப் பெயர். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். இன்னொன்று, இது நடுச்சாமக் கதையும் இல்லை, நடந்தது பட்டப்பகலில், கொழும்பு கொட்டாஞ்சேனையில், வெளியே மீன்காரர் கூவிக்கொண்டு போகிற நேரத்தில்.

சென்னையில் எடுக்கிற ஒரு மர்மத் தொடர், வெள்ளிக்கிழமைதோறும் வரும். ரசிகர்கள் சிலர் சேர்ந்து ஒவ்வொரு எபிசோடுக்கும் இணையத்தில் ஒரு பக்கம் எழுதி வந்தோம். கதைச் சுருக்கம், யார் எங்கே பொய் சொன்னார், மேசையில் இருந்த கத்தி அடுத்த காட்சியில் எங்கே போனது என்று ஒன்றும் விடமாட்டோம். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு வசனங்களைக் கேட்டு எழுதுவது என் வேலை. சென்னையில் வித்யா என்றொருத்தி சரிபார்ப்பாள். எபிசோடை இறக்கி எனக்கு அனுப்புவது கொட்டாஞ்சேனை நிரோஷன். அந்தப் பக்கத்தால்தான் அவரைப் பழக்கம், பழக்கம் காதலாகி, மோதிரம் மாற்றி, அடுத்த மாதம் எங்களுக்குக் கல்யாணப் பதிவு என்று நாளும் குறித்தாயிற்று.

அந்த வார எபிசோடில் ஒரு போலீஸ்காரர் செத்துப்போன ஒருவனின் நம்பருக்குக் கோல் எடுக்கிறார். யாரோ பதில் சொல்கிறார்கள். என் காதில் விழுந்தது இதுதான்: "ஓம் ஓம், இந்தா வெளிக்கிடுறன்."

கேட்டபடியே எழுதிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வித்யா அதை அழித்து, "ஆமா ஆமா, இதோ கிளம்பிட்டேன்" என்று மாற்றி, "வெளிக்கிடுறன்னா என்னங்க? அப்படி ஒரு வார்த்தையே அதுல வரலையே" என்று கேட்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சென்னைத் தொடரில் யார் வெளிக்கிடப் போகிறார்கள்?

அது என் அப்பாவின் பேச்சு. யார் கோல் எடுத்தாலும் கட்டின சாரத்தோடு கட்டிலில் கிடந்தபடியே "ஓம் ஓம், இந்தா வெளிக்கிடுறன்" என்பார், அதற்குப் பிறகுதான் குளிக்கவே போவார், அவரைக் காத்திருந்து சபித்தவர்கள் கொழும்பு முழுக்க இருக்கிறார்கள். அவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. திரும்பப் போட்டுக் கேட்டேன். குரலும் அவருடையதேதான், இருமலை விழுங்குகிற அந்த இழுவையோடு. சரி, தொடர் வருகிற ஆப்பிலேயே பார்ப்போம் என்று போய்ப் போட்டேன், அங்கே "ஆமா ஆமா" என்றுதான் இருந்தது.

அப்படியென்றால் நிரோஷன் அனுப்பிய பிரதியில் மட்டும்தான் அப்பா. இதற்குப் பேய் எதற்கு? அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் நிரோஷனிடம் இருந்தன, சத்தத்தை வெட்டி ஒட்டுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செத்த மனிதரின் குரலை எடுத்து விளையாடுகிற ஒருவரோடு எப்படி ஒரே வீட்டில் இருப்பது? அவர்தான் செய்தார் என்றால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஞாயிறு மத்தியானம் லப்டொப்போடு அவர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

மாமி, அதாவது அவருடைய அம்மா, குசினிக்குள் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை.

"என்ர அப்பாவின்ர குரலை இதுக்குள்ள வெட்டி ஒட்டினது நீங்கள்தானே?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?" என்றார் நிரோஷன். "போடும், பாப்பம்."

போட்டேன். அதே லப்டொப், அதே பிரதி, காலையிலும் அதில் அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டிருந்தேன். "ஆமா ஆமா, இதோ கிளம்பிட்டேன்." யாரோ ஒரு சென்னை நடிகன். மறுபடியும் போட்டேன், மறுபடியும் ஆமா. நிரோஷன் கோபப்பட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார், அதுதான் தாங்க முடியவில்லை. "அப்பாவையே யோசிச்சு யோசிச்சு..." என்று அவர் தொடங்கவும் குசினியில் இருந்து மாமி குரல் கொடுத்தார்.

"தம்பி, ஆரடா அது மகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுறன் எண்டு சொல்லுறது? சாப்பிட்டிட்டுப் போகச் சொல்லு."

குசினிக்குள் ஓடிப்போய், என்ன கேட்டது என்று கேட்டேன்.

"வயசான மனுசன் ஒராள் கதைச்சார், பிள்ளை. ரெண்டு தரமும் அப்பிடித்தான் சொன்னார்" என்றுவிட்டு மாமி மீனைப் பிரட்டினார்.

எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம், இதையும் பிரித்துப் பார்த்தேன். மாமி யாழ்ப்பாணத்து ஆள், கிளம்பிட்டேன் என்று கேட்டதைத் தன் தமிழில் வெளிக்கிடுறன் என்று சொல்லியிருக்கலாம். சரி, மகளை எங்கே இருந்து எடுத்தார்? அந்தக் காட்சியில் மகளே இல்லை. என் காதில் விழுந்ததிலும் மகள் இல்லை. தாயும் மகனும் சேர்ந்து நடிக்கிறார்களோ என்றும் யோசித்தேன், அந்த யோசனை இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

கல்யாணம் நடந்தது. அந்தப் பக்கத்தில் வித்யா எழுதிய வரிதான் இருக்கிறது, நான் எழுதுவதை விட்டுவிட்டேன். அன்று அவர் செய்திருக்கக் கூடாது கடவுளே என்று பஸ்ஸில் போகும்போது வேண்டிக்கொண்டு போனவள், இப்போது அவர்தான் செய்திருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன். ஏனென்றால் அப்பாவுக்கு மகள் என்று நான் ஒருத்திதான், எனக்கு அக்காவும் இல்லை, தங்கச்சியும் இல்லை.

"நீங்கள்தானே செய்தது? சொல்லுங்கோ, நான் கோவிக்க மாட்டன்" என்று இப்போதும் கேட்பேன். பொய்யென்றாலும் பரவாயில்லை, ஒருக்கா ஓம் எண்டு சொல்லுங்கோ என்று கெஞ்சியும் பார்த்தேன்.

அவர் சொல்கிறார் இல்லை.