புலிப் படம் போட்ட பேட்டரி

எங்கள் வீட்டுக்காரர் எதையும் நம்பமாட்டார் என்று சொன்னால் அது அவருக்குச் செய்கிற அநியாயம். மனிதர்களை நம்புவார். லேபிளைத்தான் நம்பமாட்டார்.

எடை அளவு சோதனை அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை போடவேண்டும். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும், இவர் மூடமாட்டார். சர்க்கரைப் பொட்டலம், சோப்பு, பற்பசை எதுவானாலும் முதலில் இவர் மேஜைக்குப் போய்விட்டுத்தான் என் கைக்கு வரும். கல்யாணமான புதிதில் ஒருநாள் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்து, கல்யாணத்துக்கு முன் சொன்னதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்றார். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ரிமோட் கார் பந்தயத்தில் பைத்தியம். கார் என்றால் ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொத்த வியாபாரச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில், வயசான ஆண்கள் இருபது பேர் மேடைமேல் வரிசையாக நின்று கீழே ஓடும் பொம்மைகளை முறைத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே இவருக்குப் பெயர் 'கிராம்'. பதினொரு வருஷமாகப் போகிறார். வேகமான எட்டுப் பேர் ஓடும் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு தடவைகூடத் தேறியதில்லை.

தேறாததற்குக் காரணம் பேட்டரிதான் என்பது அவருடைய முடிவு. இந்தக் கார்களுக்கு லித்தியம் பாலிமர் பேட்டரி, சுருக்கமாக லிப்போ. எல்லாம் ஒரே அளவு கறுப்புப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், வித்தியாசம் மேலே ஒட்டிய ஸ்டிக்கரில்தான். ஸ்டிக்கரில் 'சி' என்று ஓர் எண் கொட்டையாகப் போட்டிருப்பார்கள். எவ்வளவு வேகமாகக் கரண்டை வெளியே விடும் என்பதற்கான எண் அது. யாரும் அதைச் சோதிப்பதில்லை. அதனால் அச்சடிக்கிறவர் மனசு போல நூறு, நூற்றைம்பது என்று விழும். இவர் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். உள்தடை என்று ஒன்று உண்டு, பேட்டரி தன் கரண்டைத் தானே எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்கிறது என்கிற கணக்கு. அதற்கு ஒரு மீட்டர் வைத்திருக்கிறார். எண் குறையக் குறைய நல்லது. கடைக்கு அந்த மீட்டரோடு போய், ஒன்பது பேட்டரியை அளந்து, எட்டைத் தள்ளி, ஒன்றை எடுத்துவந்தார். சாம்பல் ஸ்டிக்கர் ஒட்டிய அந்த ஒன்று மீட்டரில் ஒன்று புள்ளி மூன்று காட்டும். கடைக்காரர் இன்றும் என்னை வழியில் பார்த்தால், சார் இந்தப் பக்கம் வருகிறாரா என்று விசாரித்துக்கொள்கிறார்.

அதற்கு அவர் செய்கிற பணிவிடை இருக்கிறதே! பந்தயம் இல்லாத நாளில் பாதி சார்ஜில் பால்கனி இரும்புப் பெட்டிக்குள் வைப்பார். முழுசாக ஏற்றி வைத்தால் உப்பிவிடுமாம். சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எனக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்து "லேசாத்தான் இருக்கு" என்பார். பேட்டரிக்குத் தனியாகத் தெர்மாமீட்டர் உண்டு.

எது எப்படியோ, சாம்பல் பேட்டரி வந்த மூன்றாவது மாதம் கடைசிப் பந்தயத்துக்குத் தேறிவிட்டார். அடுத்த மாதம் ஓடவேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னார்.

அந்த வாரம் பார்த்து மாப்பிள்ளை பரிசு அனுப்பினார்.

இங்கே ஒரு பழைய கதை சொல்லவேண்டும். ஐந்து மாதத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஆசையாக உடல் எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். இவர் சும்மா இருந்தாரா? அலுவலகத்துப் படிக்கல்லை ஏற்றிச் சோதித்து, பிழை எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி, சீட்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மகளிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினார். மாப்பிள்ளை அதைப் பிரிக்கவும் இல்லை, எங்கள் வாசற்படியை மிதிக்கவும் இல்லை. மாப்பிள்ளை முறுக்கு என்று எல்லோரும் சொல்லுவார்களே, அது ஐந்து மாதம் நிற்குமென்று எனக்குத் தெரியாது. மகள் போனில் என்னோடு பேசுவாள், பேச்சில் உயிர் இருக்காது.

இப்போது அவராக இறங்கிவந்து அனுப்பியது ஒரு லிப்போ. ஆரஞ்சு ஸ்டிக்கர், வாயைப் பிளந்த புலி, நூற்று ஐம்பது சி. பந்தயத்தைப் பார்க்க நேரில் வருவதாகவும் சொல்லியிருந்தார். இவர் மீட்டரைச் செருகினார். ஏழு காட்டியது. கழற்றித் திரும்பச் செருகினார். அப்போதும் ஏழு.

"பொய் சொல்லுது" என்றார்.

"பேட்டரிதானே சொல்லுது? மாப்பிள்ளை சொல்லலையே" என்றேன். பிறகு என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உங்களுக்கு மகள் வேண்டுமா மீட்டர் வேண்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். பால்கனிப் பெட்டியைத் திறந்து சாம்பல் பேட்டரியை ஒருதரம் தொட்டுப் பார்த்து மூடினார். "சரி. அதையே போட்டு ஓடறேன்" என்றார்.

சண்டையில் ஜெயித்தது நான்தான். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. பதினொரு வருஷம் காத்திருந்த மனிதர் கடைசி இடம்தான் கிடைக்கும் என்று தெரிந்தே 'சரி' என்கிறார். இதற்கு அவர் கத்தியிருக்கலாம்.

நான் நூலகத்தில் வேலை செய்கிறேன். புத்தகத்தின் முதுகில் எண் சீட்டு ஒட்டுவதும் பழைய சீட்டை உரிப்பதும் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். சனிக்கிழமை இரண்டு பேட்டரியையும் சார்ஜ் ஏற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு அவர் முடிவெட்டப் போனார். நான் தலை உலர்த்தும் மெஷினை எடுத்தேன். லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும். இரண்டு ஸ்டிக்கரையும் கிழியாமல் உரித்து, இடம் மாற்றி ஒட்டினேன். புலி, நல்ல பேட்டரிமேல் ஏறிக்கொண்டது. மாப்பிள்ளைக்குப் புலி, இவருக்கு வேகம். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகளும் மாப்பிள்ளையும் வருவதற்குள், மேஜையில் புலியை எடுத்து மீட்டரைச் செருகினார். ஓடப்போகும் பேட்டரியை அளக்காமல் காருக்குள் வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை, அது எனக்கு மறந்தே போயிருந்தது. ஒன்று புள்ளி மூன்று. சாம்பலை எடுத்து அளந்தார். ஏழு. என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்தேன். புலியைக் காருக்குள் வைத்து டேப் ஒட்டினார்.

எட்டாவதாகத்தான் கிளம்பினார். ஐந்து நிமிஷப் பந்தயம். மூன்றாவது நிமிஷம் ஐந்தாவதாக இருந்தார். கடைசிச் சுற்றில், மூன்றாவதாக ஓடிய பேக்கரிக்காரரின் கார் வளைவில் ஓரமாக அடுக்கியிருந்த டயர்மேல் உரச, இவர் உள்பக்கமாக நுழைந்துவிட்டார். மூன்றாவது இடம், கோப்பை உண்டு. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து உலுக்கினார். புலி எப்படிப் பாய்ந்தது பார்த்தீர்களா அத்தை என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

ஓடி முடித்ததும் முதல் மூன்று கார்களைச் சோதிக்கவேண்டும். அந்தக் கிளப்பில் சோதிக்கிறவர் எங்கள் வீட்டுக்காரர்தான், அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள்? அவர் காரையே யார் சோதிப்பது என்கிற கேள்வி பதினொரு வருஷமாக எழவில்லை.

முதல் கார் சரி. இரண்டாவது சரி. தன் காரை எடுத்து மேஜையில் வைத்தார். அகலம் அளந்தார், உயரம் அளந்தார், எடை பார்த்தார். பேட்டரியை வெளியே எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு ஏழாவது விதி ஞாபகம் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன் பேக்கரிக்காரர் வேறு பேட்டரியின் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு வந்து பிடிபட்டபோது, இவரே எழுதிய விதி.

"மூணாவது கார்" என்றார், அலுவலகக் குரலில். "லேபிள் இந்தப் பேட்டரியோடது இல்ல. ஏழாவது விதி. தகுதி இல்ல."

கிளப் செயலாளர் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்தினார். இப்போது மூன்றாம் இடம் பேக்கரிக்காரருக்கு. அவரே முன்னால் வந்து, ஒருதரம் விட்டுவிடுங்கள் கிராம், நானே சொல்கிறேன் என்று கெஞ்சினார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை, கோப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப நான் குடுத்தது போலியா மாமா? என்னாலதான் போச்சா?"

இனிமேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. "உங்க பேட்டரி ஓடவே இல்ல மாப்பிள்ளை. ஸ்டிக்கர்தான் ஓடுச்சு. மாத்தி ஒட்டினது நான்" என்றேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை மாமனாரிடம் திரும்பினார். "என்னோடது எவ்வளவு காட்டுச்சு மாமா?"

இவர் என்னைப் பார்த்தார். சொல்லுங்க என்று தலையசைத்தேன்.

"ஏழு. ரொம்ப மோசம் மாப்பிள்ளை."

"அந்த எடை மெஷின்?"

"ரெண்டு கிலோ நானூறு கூடக் காட்டுது."

"கூடவா?" மாப்பிள்ளை குரல் எழும்பவில்லை. "அதே மாதிரி எங்க வீட்டுலயும் ஒண்ணு வச்சிருக்கேன். அஞ்சு மாசமா ராத்திரி சாப்பிடறதில்ல."

இவர் சிரிக்கவில்லை. நாளைக்கே படிக்கல்லோடு வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றார். வாங்க மாமா என்றார் அவர். இருவரும் ஓரமாகப் போய் மீட்டரை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார்கள். கல்யாணமானதிலிருந்து பேசியதையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது.

வீடு திரும்பும் வழியில் எனக்குத் தாங்கவில்லை. காலையிலேயே தெரிந்துவிட்டதே, அப்போதே கழற்றியிருந்தால் இந்த அவமானம் உண்டா என்று கேட்டேன்.

"ஓரத்துல ஒரு குமிழ்கூட இல்ல. அவ்வளவு சுத்தமா ஒட்டியிருக்கே, எனக்காக" என்றார். "அதைப் பார்த்துட்டு எப்படி ஓடாம இருக்கிறது? ஆனா மேஜைக்கு வந்தப்புறம் நான் என்ன பண்ண முடியும், சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு ஸ்டிக்கரையும் உரித்து அதனதன் இடத்தில் ஒட்டினேன். அவசரத்தில் சாம்பல் ஸ்டிக்கர் கோணலாக விழுந்துவிட்டது, இரண்டு மில்லிமீட்டராவது இருக்கும். அவர் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஸ்கேல் பக்கத்திலேயே இருந்தது. பேட்டரியை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"சரியா இருக்கு" என்றார்.